பையா, பாத்தியா, உயர்மேடையா? தண்ணீரை வைத்துத் தீர்மானியுங்கள்

வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் இருந்தும் பலர் காய்கறித் தோட்டத்தைக் குரோபேக்கில்தான் தொடங்குகிறார்கள். பை பார்க்கச் சுத்தம், களை குறைவு, தோண்டும் வேலை இல்லை. மண் இருக்கிறவர்களுக்கு என் கட்சி வேறு: தரையிலேயே மேட்டுப்பாத்தி. நானும் கடைசியில் வந்து நின்றது அதில்தான். பலகையோ செங்கல்லோ வைத்துக் கட்டும் உயர்மேடை இரண்டுக்கும் நடுவில் வருகிறது. அது கட்டாயம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றுக்கும் பொதுவானதை முதலில் முடித்துவிடலாம். காய்க்கும் செடிக்கு நேர்வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும், கீரைக்கு நாலு மணி நேரம் போதும். தண்ணீர்க் குழாய் எட்டாத இடத்தில் எதையும் தொடங்க வேண்டாம். பெரிய மரத்தின் கிளை விரிந்திருக்கும் அளவையும் தாண்டி அதன் வேர் போகும் என்பதால் அங்கே பாத்தியும் சரிவராது, அடி திறந்த உயர்மேடையும் சரிவராது. தரையே இல்லாதவருக்கு ஒப்பீடே தேவையில்லை, பைதான்.

மூன்றையும் பிரிப்பது ஒரே கேள்வி. ஊற்றிய தண்ணீரில் எவ்வளவை வேருக்கு எட்டும்படி மண் பிடித்து வைத்திருக்கும்?

12 அங்குல விட்டமும் 12 அங்குல உயரமும் உள்ள பையை விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே வரை நிரப்பினால் சுமார் 18 லிட்டர் கலவை பிடிக்கும். நல்ல கலவையில் செடி உறிஞ்சக்கூடிய தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் கால் பங்கு. ஆகப் பையின் இருப்பு ஏறக்குறைய நாலு லிட்டர். காய் பிடித்த தக்காளிச் செடி கடும் வெயில் நாளில் இரண்டு லிட்டர் வரை குடித்துவிடும். இருப்பில் பாதி போனதுமே மிச்சத்தை இழுக்கத் திணற ஆரம்பிக்கும். காலையில் வயிறார ஊற்றிய பை மறுநாள் மதியம் துவண்டு நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இப்போது 4 அடி அகலம், 10 அடி நீளத்தில் ஒரு பாத்தி. பரப்பு 3.7 சதுர மீட்டர். வேர் ஒன்றரை அடி இறங்குகிறது என்று வைத்தால் அந்தப் பகுதியில் 1,700 லிட்டர் மண் இருக்கிறது. மணலும் வண்டலும் களியும் கலந்த மண்ணில் 15 சதவீதம் அளவுக்குச் செடிக்குக் கிடைக்கும் தண்ணீர் நிற்கும், அதாவது 250 லிட்டர். இரண்டு வரிசையாக, இரண்டடி இடைவெளியில், இதில் பத்துத் தக்காளி நிற்கும். அதே பத்தைப் பைகளில் வைத்தால் மொத்த இருப்பு 40 லிட்டர்தான். வெயில் நாளில் பாத்தி இழப்பது சதுர மீட்டருக்கு ஐந்தாறு லிட்டர், மொத்தம் இருபது லிட்டர் சொச்சம். இருப்பில் பாதியைத்தான் எடுக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து நாளுக்கு மேல் ஓடும். மணற்பாங்கான மண்ணில் இது இரண்டு மூன்று நாளாகச் சுருங்கிவிடும். அப்போதும் பையைவிட மேல்.

இதை ஊருக்குப் போகும் வசதிக்காக மட்டும் சொல்லவில்லை. தண்ணீர் ஏறி இறங்கினால் காயில் தெரியும். தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துக் குழிவது சுண்ணாம்புச் சத்துக் குறைவால்தான். ஆனால் பெரும்பாலும் மண்ணில் அந்தச் சத்து இருந்தும் காயை எட்டியிருக்காது, ஏனென்றால் அது தண்ணீரோடுதான் நகரும். காய்ந்து கிடந்த செடிக்குத் திடீரென்று நிறைய ஊற்றினால் பழம் வெடிக்கும். வெள்ளரி கசக்கும், முள்ளங்கி காரம் ஏறும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுகிறவர்கள் நிறையப் பேர். ஓட்டுத்தூள் மட்க மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் பருவமே முடிந்துவிடும். தண்ணீரைச் சீராக்கினால் அடுத்து வரும் காய்களே தெளிந்துவிடும்.

பையில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. தென்னைநார்க் கழிவு கலந்த கலவை ஒருமுறை முழுக்கக் காய்ந்தால் சுருங்கிப் பையின் ஓரத்தை விட்டு விலகும். பிறகு ஊற்றுவதெல்லாம் அந்த இடுக்கு வழியாக இறங்கி அடித்துளையில் வெளியேறும். தண்ணீர் வழிந்ததைப் பார்த்து நனைந்துவிட்டது என்று நினைப்போம், நடுவே வேர்க்கட்டி காய்ந்த மேனிக்கு இருக்கும். பையைத் தூக்கிப் பாருங்கள், இலேசாக இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. அரை லிட்டராக, கால் மணி நேர இடைவெளியில் மூன்று முறை ஊற்ற வேண்டும், அல்லது பையை அப்படியே தண்ணீர்த் தொட்டியில் அரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும்.

சொட்டுநீரும் டைமரும் போட்டால் தீர்ந்தது என்பார்கள். ஓரளவுக்கு உண்மை. மணிக்கு இரண்டு லிட்டர் விடும் சொட்டுவான் ஒன்றைப் பைக்கு ஒன்றாக வைத்து, காலையும் மாலையும் அரை மணி நேரம் ஓட்டினால் நாளுக்கு இரண்டு லிட்டர் போய்ச் சேரும். ஆனால் உப்புத் தண்ணீரில் சொட்டுவான் அடைத்துக்கொள்ளும். பத்தில் ஒன்று அடைத்தால் அந்தப் பையின் செடி இரண்டு நாளில் போய்விடும். பாத்தியில் ஒன்று அடைத்தாலும் பக்கத்துச் சொட்டுவானின் ஈரம் வேருக்கு எட்டும்.

தினமும் ஊற்றுவதால் சத்தும் அடித்துளை வழியே ஓடிவிடுகிறது. பைச்செடிக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை உரம் கொடுக்காவிட்டால் அடி இலையிலிருந்து வெளுக்கும். பாத்தியில் பருவத் தொடக்கத்தில் போட்ட மட்கு உரமும், பூக்கும்போது ஒரு மேலுரமும் பெரும்பாலும் போதும்.

பாத்தி போடுவதற்கு வருவோம். அகலம் 4 அடிக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமிருந்தும் கை நடுவரை எட்ட வேண்டும், பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது. மிதித்த மண்ணில் வேரும் இறங்காது, தண்ணீரும் இறங்காது, மேலே சொன்ன கணக்கெல்லாம் வீணாகும். நடைபாதை ஒன்றரை அடி. தோண்டுவதற்கு இரண்டு நாள் முன் இலேசாகத் தண்ணீர் விடுங்கள். ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் தட்டினால் உதிர வேண்டும், அந்தப் பதத்தில் தோண்டலாம். உதிராமல் பிசுபிசுத்தால் காத்திருங்கள். ஈரக் களிமண்ணை வெட்டினால் காய்ந்ததும் கல்லாகிவிடும், ஒரு பருவம் முழுக்க அதோடு மல்லுக்கு நிற்க வேண்டியதுதான்.

ஓரடி ஆழம் வெட்டிக் கட்டியை உடைத்த பிறகு, நடைபாதையின் மேல்மண்ணை நாலைந்து அங்குலம் வழித்துப் பாத்திமேல் போடுங்கள். செலவில்லாமல் பாத்தி மேடாகும், பாதை மழைக்கு வாய்க்காலாகும். மேலே இரண்டு அங்குலம் மட்கிய தொழு உரமோ கம்போஸ்டோ பரப்பி, மேல் ஆறு அங்குல மண்ணோடு கலக்கவும். 4 அடிக்கு 10 அடிப் பாத்திக்கு இது ஏறக்குறைய 190 லிட்டர் வரும். நிறையத் தெரியும், குறைக்காதீர்கள். பச்சைச் சாணம் போடக் கூடாது. வேர் கருகும், களைவிதையும் கூடவே வரும்.

உடனே விதைக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு நாள் தண்ணீர் தெளித்து, முளைத்த களையை ஓரங்குல ஆழத்துக்குள் சுரண்டி எடுத்த பிறகு விதையுங்கள். ஆழமாகக் கொத்தினால் அடியில் உறங்கும் களைவிதை மேலே வந்து அடுத்த சுற்று தொடங்கும். நாற்று ஊன்றி வேர் பிடித்ததும் காய்ந்த இலையோ வைக்கோலோ மூன்று அங்குலம் மூடாக்கு, தண்டைச் சுற்றி இரண்டு விரல் இடம் விட்டு. தண்ணீர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்க வேண்டாம், வேர் மேலேயே தங்கிவிடும். நாலு நாளுக்கு ஒருமுறை 75 லிட்டர் விட்டு, மறுநாள் ஓரத்தில் ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். அடியில் ஈரம் இல்லையென்றால் அளவைக் கூட்டவும்.

தரைக்குக் குறை இல்லையா? உண்டு, இரண்டு குறைகள் கனமானவை. ஒன்று கோரை. அதன் கிழங்கு ஆழத்தில் சங்கிலியாகக் கிடக்கும். வெட்டினால் ஒன்று பத்தாகும், மூடாக்கையும் துளைத்துக்கொண்டு வரும். கோரை மண்டிய இடத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். முடியாவிட்டால் கிழங்கோடு பொறுக்குவதைத் தவிர வழியில்லை, அது பல மாத வேலை.

இரண்டாவது மண்ணில் இருக்கும் நோய். செடியைப் பிடுங்கும்போது வேரில் மணி மணியாக வீக்கம் இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. தக்காளி, கத்தரி, வெண்டை, வெள்ளரி எல்லாவற்றையும் அது தாக்குவதால் பயிர் மாற்றுவது அவ்வளவாக உதவாது. ஓரத்தில் நாலு சாமந்தி நடுவதும் அலங்காரம்தான். பாத்தி முழுக்கத் துலுக்கச் சாமந்தியை நெருக்கமாக இரண்டு மூன்று மாதம் வளர்த்தால் குறையும். இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென்று வாடினால், அடித்தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால் போல வெள்ளை இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் சில வருடத்துக்கு வேண்டாம். இந்த இடத்தில் பை மறுபேச்சில்லாமல் ஜெயிக்கிறது: நோய் வந்த பையின் மண்ணை மட்டும் கொட்டிவிட்டால் போதும், பக்கத்துப் பைக்கு ஒன்றும் ஆகாது.

உயர்மேடை யாருக்கு? ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று குச்சி வைத்து அளவெடுங்கள். ஓரங்குலத்துக்குக் குறைவாக இறங்கினால் மழைக்காலத்தில் வேர் அழுகும், அங்கே உயர்மேடை கட்டத்தான் வேண்டும். குனிய முடியாத முதுகுக்கும் அதுதான். மற்றவர்கள் கட்டுவதற்கு முன் யோசிக்கலாம். 4 அடிக்கு 8 அடி, ஓரடி உயர மேடைக்கு 900 லிட்டர் கலவை வேண்டும், அதுவும் முதல் வருடத்திலேயே இரண்டு மூன்று அங்குலம் இறங்கிவிடும். மேலே இருப்பதால் பாத்தியைவிட வேகமாகக் காயும். அடியை மூடிவிட்டாலோ சிமென்ட் தரையில் வைத்தாலோ அது பெரிய பைதான். மரப்பலகை ஈரமண்ணில் இற்றுப்போகும், கறையானும் வரும், செங்கல் நிற்கும். தகர மேடைகளை நான் நெடுநாள் வைத்துப் பார்க்காததால் அவற்றின் ஆயுளைப் பற்றிப் பேசவில்லை.

பைதான் என்று முடிவானால் 12 அங்குலத்தை விட்டு 15 அங்குலத்துக்குப் போங்கள். கொள்ளளவு ஏறக்குறைய இரண்டு மடங்கு, தண்ணீர் இருப்பும் அப்படியே. வெளிப்புறம் வெள்ளையாக இருக்கட்டும், கறுப்புப் பையில் வெயில் படும் பக்கத்து வேர் வெந்துபோகும். செம்மண், தென்னைநார்க் கழிவு, மட்கு உரம் மூன்றும் சம பங்கு. நார்க்கழிவை இரண்டு முறை தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும், அதில் உப்பு இருக்கும். பையைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வைத்தால் துளை அடைக்காது. மாதம் ஒருமுறை அடியில் தாராளமாக வழியும் வரை ஊற்றி, தேங்கிய உப்பைக் கழுவிவிடவும்.

முதல் பருவத்துக்கு ஒரே ஒரு பாத்தி போதும், கூடவே வாசலோரம் புதினாவுக்கு ஒரு பை. புதினாவைப் பாத்தியில் விட்டால் பாத்தி அதற்குச் சொந்தமாகிவிடும். கொடி ஏறும் பந்தலை, மற்றச் செடிமேல் நிழல் விழாத முனையில் அமையுங்கள். தக்காளி, மிளகாய் விதையைப் பாத்தி வெட்டுவதற்கு முன்பே குழித்தட்டில் போட்டுவிட வேண்டும்: தக்காளி நாற்றுக்கு 25 நாள், மிளகாய்க்கு 35 முதல் 40 நாள். வெண்டை விதையை இரவு முழுக்க ஊறவைத்து நேராகப் பாத்தியில், ஓரடிக்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு விதை. முளைத்ததும் நோஞ்சானை இழுத்துப் பிடுங்காமல் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள், பக்கத்துச் செடியின் வேர் அசையாது.