உளுந்தில் கந்தகச் சத்து: விதையை மாற்றுவதா, அடியுரத்தை மாற்றுவதா?

திருமங்கலம் பக்கம் எங்கள் கரிசலில் மானாவாரி உளுந்து போடுகிறோம். கொஞ்சம் நாட்டுக்கோழியும் உண்டு. புரதம் அமினோ அமிலங்கள் என்கிற சிறு துண்டுகளால் ஆனது. பயறுகளில் அவற்றுள் லைசின் என்பது தாராளம். மெத்தியோனின், சிஸ்டீன் என்கிற, கந்தகம் கலந்த அமினோ அமிலங்கள்தான் குறைவு. இந்தக் குறையை மரபணு மாற்றிச் சரிசெய்த விதை ஒருநாள் வரும், அதுவரை பொறுக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் பொறுக்கவில்லை. அடியுரத்தையும் கோழித்தீவனத்தையும் மாற்றிக்கொண்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

மரபணு வழியை லேசாக எடைபோட முடியாது. ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் சூரியகாந்தி விதைப் புரதம் ஒன்றின் மரபணுவை லூபின் என்ற பயறில் சேர்த்து, 1997இல் முடிவை வெளியிட்டார்கள். விதையில் மெத்தியோனின் 94 சதவீதம் கூடியது. அதைத் தின்ற எலிகள் நன்றாகவே வளர்ந்தன. ஆனால் அதே விதையில் சிஸ்டீன் 12 சதவீதம் குறைந்துவிட்டது. மொத்தக் கந்தகம் ஏறக்குறைய பழைய அளவிலேயே நின்றது. புதுப் புரதத்துக்கு வேண்டிய கந்தகத்தைச் செடி தன் பழைய புரதங்களிலிருந்துதான் எடுத்துக் கொடுத்திருக்கிறது.

எனக்கு இதுதான் முடிவைத் தீர்மானித்த விஷயம். மரபணுவால் கந்தகத்தை உண்டாக்க முடியாது. வேர் மண்ணிலிருந்து எடுத்துத் தந்தால்தான் உண்டு. மண்ணில் இல்லையென்றால் எவ்வளவு உயர்ந்த விதையும் இருப்பதை இடம் மாற்றி வைக்குமே தவிர, கூட்டித் தராது.

நம் மண்ணில் கந்தகம் குறைய ஒரு காரணம் உர மூட்டையிலேயே இருக்கிறது. சூப்பர் பாஸ்பேட் உரத்தில் 16 சதவீதம் மணிச்சத்து (பாஸ்பரஸ்), கூடவே 11 சதவீதம் கந்தகம். டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத்தில் 46 சதவீதம் மணிச்சத்து, 18 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), கந்தகம் கிடையாது. ஏக்கருக்கு 10 கிலோ மணிச்சத்து என்றால் டி.ஏ.பி. அரை மூட்டைகூட வேண்டாம். சூப்பர் ஒன்றேகால் மூட்டை வேண்டும். வண்டி வாடகை, இறக்குகூலி, தூவும் ஆள் எல்லாம் கூடுதல். அதனால்தான் ஊரே டி.ஏ.பி. பக்கம் போனது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒன்றேகால் மூட்டையில் ஏறக்குறைய 7 கிலோ கந்தகம் சேர்ந்தே வயலுக்கு வருகிறது. மானாவாரி உளுந்துக்கு ஹெக்டேருக்கு 10 கிலோ கந்தகம் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை, அதாவது ஏக்கருக்கு 4 கிலோ. சூப்பர் போட்டால் அதற்கென்று தனிச் செலவு இல்லை. போடாதவர்கள் கந்தகம் உள்ள ஜிப்சமாகக் கொடுக்கலாம். பூக்கும் சமயத்தில் தெளிக்கிற 2 சதவீத டி.ஏ.பி. கரைசலை நான் நிறுத்தவில்லை, அது வேறு கணக்கு.

உரத்துக்கும் ஒரு எல்லை உண்டு. பற்றாக்குறை உள்ள மண்ணில்தான் கந்தகம் விதையின் தரத்தை உயர்த்தும். போதுமான அளவு இருந்துவிட்டால், அதற்கு மேல் கொட்டினாலும் விதை தன் இயல்பை விட்டு வெகுதூரம் போகாது. அந்த இடத்தில் மரபணு வழிக்கு நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். என் உளுந்தை ஆய்வகத்தில் கொடுத்து அமினோ அமிலம் பார்த்ததில்லை. காய்ப்பிடிப்பும் மணியின் திரட்சியும்தான் எனக்குத் தெரிந்த அளவுகோல், இரண்டும் திருப்தியாக இருக்கின்றன.

ஒவ்வாமையையும் சொல்ல வேண்டும். பிரேசில் கொட்டையின் மெத்தியோனின் மிகுந்த புரதத்தைச் சோயாவில் சேர்த்தார்கள். அந்தக் கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்தச் சோயாவும் ஆகாது என்று 1996இல் வெளியான ஆய்வு காட்டியது, திட்டத்தையே கைவிட்டார்கள். விற்பனைக்கு வரும் முன்பே பிடித்தது நல்ல விஷயம். ஆனாலும் உளுந்து இங்கே கைக்குழந்தை முதல் கிழவர் வரை தினமும் சாப்பிடுகிற பொருள். அதில் வேற்றுப் புரதம் சேர்ப்பதென்றால் அந்தச் சோதனை இன்னும் கடுமையாக இருக்க வேண்டும்.

சாப்பாட்டில் இந்தக் குறையைப் பெரிதாக நினைக்க வேண்டியதில்லை. அரிசியில் லைசின் குறைவு, மெத்தியோனின் பரவாயில்லை. உளுந்து நேர் எதிர். இரண்டும் சேர்ந்த இட்லிக்கு எள்ளுப்பொடியும் இருந்தால் இன்னும் நல்லது, எள்ளில் மெத்தியோனின் மிகுதி.

கோழிக்கும் அதே வழிதான். கம்பு, உளுந்துப் பொட்டு, கூடவே செக்கிலிருந்து வாங்கும் எள்ளுப் புண்ணாக்கு. இறகில் சிஸ்டீன் நிறைய இருப்பதால், இந்தச் சத்து குறைந்தால் குஞ்சுகளுக்கு இறகு சரியாக முளைக்காது. மெத்தியோனினை உடம்பு சிஸ்டீனாக மாற்றிக்கொள்ளும். சிஸ்டீன் மெத்தியோனின் ஆகாது. அதனால் எதைக் குறைத்தாலும் எள்ளுப் புண்ணாக்கைக் குறைப்பதில்லை. பெரிய பண்ணைகள் செயற்கை மெத்தியோனின் கலக்கின்றன. ஆயிரக்கணக்கில் வளர்ப்பவர்களுக்கு அதுதான் கட்டுப்படியாகும்.

இதெல்லாம் கரிசலில் பார்த்தது. செம்மண், மணற்பாங்கான நிலம் வைத்திருப்பவர்களுக்குக் கந்தகம் மழையோடு இன்னும் சீக்கிரம் கீழே இறங்கிவிடும். மண்வள அட்டையில் கந்தகத்துக்கென்று தனி வரி இருக்கிறது. உரக்கடைக்குப் போகும் முன் அந்த வரியைப் பார்த்துவிட்டுப் போங்கள்.