“நாளை மாலை வீடு” என்ற பேச்சை நம்பி ஆறு மாதச் சம்பளத்தை இழந்தேன்

எதுக்களிப்புக்கான அறுவைச் சிகிச்சை முடிந்து இன்று 23-ஆம் நாள். அரைமணி நேரத்துக்கு முன் விழுங்கிய கூழாக்கிய உணவு இன்னும் நெஞ்சுக்குழியைத் தாண்டவில்லை என்ற நிலையில்தான் இதை எழுதுகிறேன்.

நோயாளிக்கு அறுவை மருத்துவரைத் தேடிக்கொடுத்து, எல்லாச் செலவையும் ஒரே தொகுப்பாகப் பேசி முடிக்கும் ஓர் இணையத் தளத்தின் வழியாகத்தான் போனேன். அங்கே என்னைப் பார்த்த மருத்துவர், மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் உணவுக்குழாயை இரண்டு கோடுகளாகவும் இரைப்பையை ஒரு பையாகவும் வரைந்து, பையின் மேல்முனையைக் குழாயைச் சுற்றி மடித்துத் தைத்துவிட்டால் அமிலம் மேலேறாது என்று பொறுமையாக விளக்கினார். ருடால்ஃப் நிஸன் 1950-களில் வகுத்த முறை இது என்றும், 1991 முதல் லேப்ராஸ்கோப்பி மூலம் சிறு துளைகள் வழியாகவும் செய்யப்படுகிறது என்றும் சொன்னார். அவை உண்மைதான். “இன்று காலை சேர்ந்தால் நாளை மாலை வீடு, அடுத்த வாரம் அலுவலகம்” என்று சொல்லிப் பேனாவை மூடினார் பாருங்கள், அங்கேதான் நான் விழுந்தேன். மூன்று தலையணை வைத்தும் தூங்க முடியாதவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆறு மாதச் சம்பளத்தை அன்றே கட்டிவிட்டேன்.

அறுவை அரங்கில் நின்றவர் படம் வரைந்தவர் அல்லர். மறுநாள் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் கொடுத்தார்கள். அது மார்பெலும்புக்குப் பின்னால் கல்லைப் போல நின்று, மெல்ல மெல்ல இறங்கியது. வயிறு உப்பி இறுகியது. ஏப்பம் வரும்போல் இருந்ததே தவிர வரவில்லை. ஒரு நாள் என்றது ஐந்து நாளாயிற்று. முதல் இரவுக்குப் பிறகு தங்கியதெல்லாம் தொகுப்பில் சேராது என்று தனி ரசீது நீட்டினார்கள். ஆறு மாதச் சம்பளத்துக்கு மேல் அது வேறு.

வீட்டுக்கு வந்தபின் மருத்துவமனையை அழைத்தால் “தளத்திடம் கேளுங்கள்” என்றார்கள். தளத்தை அழைத்தால் “அது மருத்துவ விஷயம், மருத்துவரிடம் கேளுங்கள்” என்றார்கள். படம் வரைந்தவர் ஒரே ஒரு முறை பேசினார்: “இது எல்லோருக்கும் வருவதுதான், பயப்படாதீர்கள்.” எல்லோருக்கும் வருவதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று நான் கேட்டு முடிப்பதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

இன்னொரு அறுவை மருத்துவரைப் பார்த்தபிறகுதான் விஷயம் தெளிவானது. துளைவழி அறுவைக்குப் பின் மருத்துவமனையில் ஓரிரு இரவுகள் தங்குவது வழக்கமே. ஆனால் அது டிஸ்சார்ஜ் ஆகும் நாள், குணமாகும் நாள் அன்று. தைத்த இடத்தின் வீக்கம் வடியச் சில வாரங்களாகும், அதுவரை நீராகாரமும் கூழான உணவும்தான், நான்கு முதல் ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது. முதல் கணக்கைச் சொல்லிவிட்டு இரண்டாவதை மறைத்தார்களே, அதைத்தான் ஏமாற்று என்கிறேன். அதைவிட, இந்த இரண்டாவது மருத்துவர் கேட்ட முதல் கேள்வி “மானோமெட்ரி அறிக்கை எங்கே?” என்பது. உணவுக்குழாய் சுருங்கித் தள்ளும் வலுவை அளக்கும் பரிசோதனையாம் அது. வலு குறைந்திருந்தால் பலர் முழுச்சுற்றாக மடிக்காமல் முக்கால் சுற்று போன்ற பகுதி மடிப்பையே தேர்ந்தெடுப்பார்களாம். எனக்குக் குழாய்க் கேமராவை விட்டு உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோப்பி மட்டும் செய்துவிட்டு முழுச்சுற்றாகத் தைத்திருக்கிறார்கள்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. கத்தி பிடிக்கப்போவது யார் என்று கேளுங்கள்; இந்த அறுவையை அவர் ஆண்டுக்கு எத்தனை செய்கிறார் என்றும் கேளுங்கள். மானோமெட்ரியும் 24 மணி நேர அமில அளவீடும் வேண்டாம் என்றால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். கூடுதல் நாள் தங்கினால் யார் செலவு என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

நாளை காலை, எக்ஸ்ரேயில் உணவுக்குழாயைத் தெளிவாகக் காட்டும் பேரியம் கரைசலைக் குடித்துப் படம் எடுக்க வேண்டும். ஆறு மாதச் சம்பளம் வாங்கிய தொகுப்பில் அதுவும் அடங்காதாம்.