சிஎஃப்ஈயை வைத்துக்கொள்வதா, யு-பூட்டை ஏற்றுவதா?

பிராட்காமின் பிசிஎம்63138, பிசிஎம்4908 போன்ற ஏஆர்எம் அகலப்பட்டைச் சில்லுகளில் ஓடும் போர்டுகள் பலவற்றில் நிறுவனத்தின் பழைய பூட்லோடரான (மின்சாரம் வந்ததும் ஓடி, இயங்குதளத்தை ஏற்றும் நிரல்) சிஎஃப்ஈதான் இருக்கும். அங்கே யு-பூட் என்ற திறமூல பூட்லோடரைக் கொண்டுவர நினைப்பவருக்கு மூன்று வழிகள்: சிஎஃப்ஈயையே வைத்துக்கொள்வது, அதன் மேல் யு-பூட்டை இரண்டாம் கட்டமாக ஏற்றுவது, சிஎஃப்ஈயைத் தூக்கிவிட்டு யு-பூட்டை மட்டும் வைப்பது.

முதல் வழியில் வேலையே இல்லை. ஆனால் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் கருவை, சிஎஃப்ஈ கேட்கிற வடிவத்திலேயே கொடுத்தாக வேண்டும். யு-பூட்டில் பூட்கவுண்ட் என்று ஒன்று உண்டு: புது ஃபர்ம்வேர் சில முறை எழும்பாமல் போனால் மாற்றுக் கட்டளைக்குத் தானாகத் தாவும். அந்தச் சௌகரியம் பழகியவருக்கு சிஎஃப்ஈ கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும்.

மூன்றாவது வழி ஆசை காட்டும். சிக்கல் எங்கே என்றால், மின்சாரம் வந்ததும் டிராமை (முதன்மை நினைவகத்தை) எழுப்பும் வேலை ஃபிளாஷின் தொடக்கத்தில் இருக்கும் சிஎஃப்ஈரோமில், அதாவது முதல் கட்டத் துண்டில் இருக்கிறது. அந்த நினைவகத்தை இயக்கும் டிடிஆர் கண்ட்ரோலரின் நேர அளவுகளுக்கு வெளிப்படையான ஆவணம் இல்லாவிட்டால் அந்தத் துண்டை நீங்களே எழுத முடியாது. அதில் தவறினால் போர்டு செத்த மாதிரிதான். ஜேடேக் என்ற சோதனை இணைப்போ, ஃபிளாஷ் எழுதும் கருவியோ இல்லாமல் மீட்க வழியில்லை.

என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். யு-பூட்டைக் கெர்னல் போல வேஷம் போட்டு சிஎஃப்ஈ கையில் கொடுக்கலாம். டிராம் ஏற்கெனவே தயாராக இருக்கும், கெட்டுப்போனாலும் சிஎஃப்ஈ பிழைத்திருக்கும். இந்தச் சில்லுக் குடும்பத்துக்கான அடித்தளமும் 2022-இலேயே யு-பூட்டின் மூலநிரல் தொகுப்பில் மாக்-பிசிஎம்பிசிஏ என்ற பெயரில் சேர்ந்துவிட்டது. அதனால் புதுப் போர்டுக்கு ஒரு டிவைஸ் ட்ரீ (வன்பொருளை விவரிக்கும் கோப்பு), ஒரு டிஃப்கான்ஃபிக் (தொகுப்பதற்கான இயல்பு அமைப்புக் கோப்பு) என்று சின்னதாகவே தொடங்கலாம். ஈதர்நெட், நாண்ட் ஃபிளாஷ் எல்லாம் அப்புறம்.

சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். போர்டின் சீரியல் இணைப்பு காட்டும் செய்திகளில் 'டிராம்' என்ற வரி வந்ததும் மௌனம் என்றால், டிவைஸ் ட்ரீயின் மெமரி அளவைப் பாருங்கள். யு-பூட் தன்னை நினைவகத்தின் உச்சிக்கு நகர்த்திக்கொள்ளும். 256 எம்பி இருக்கிற போர்டில் 512 என்று எழுதியிருந்தால் இல்லாத இடத்துக்குத் தாவிவிடும். ஓர் எழுத்துகூட வரவில்லையா? சிஎஃப்ஈ ஏற்றும் முகவரியும், யு-பூட் ஓடுவதாக எதிர்பார்க்கும் தொடக்க முகவரியான டெக்ஸ்ட் பேஸும் ஒன்றுதானா என்று சரிபார்த்துவிட்டு, ஆரம்பத்திலேயே செய்தி காட்டும் டீபக் யுஆர்ட்டை இயக்குங்கள். சில நொடிகளில் தானாக ரீசெட் ஆனால், முந்தைய கட்டம் ஓடவிட்டுச்சென்ற வாட்ச்டாக்கை, அதாவது உரிய நேரத்தில் கவனிக்காவிட்டால் ரீசெட் செய்யும் கடிகாரத்தைச் சந்தேகப்படலாம்.

தொடங்குமுன் ஒன்று: செக்யூர் பூட்டுக்காக (கையொப்பமிட்ட நிரலை மட்டுமே ஓடவிடும் முறை) ஃப்யூஸ் எரித்து நிரந்தரமாகப் பூட்டிய சில்லா என்று பாருங்கள். கையொப்பச் சோதனை கெர்னல் வரை நீண்டிருந்தால் வேஷமும் செல்லாது, முதல் வழி மட்டுமே மிச்சம்.