ஒரு நிறம் மட்டுமா, எல்லா நிறமுமா?

நவம்பர், டிசம்பரில் மொரிஷியஸில் ஃபிளாம்பொயான் (செம்மயிற்கொன்றை) மரங்கள் சிவந்ததும் நம்மவர்கள் பலர் கேட்பது இது: எடுத்த ஃபோட்டோவில் பூவின் சிவப்பை மட்டும் வைத்து மீதியைக் கறுப்பு வெள்ளையாக்கலாமா, முழு வண்ணமாகவே விடலாமா?

உழைப்பு
ஒற்றை நிறம்: மாஸ்க் (எந்தப் பகுதியில் நிறம் நிற்க வேண்டும் என்று குறிக்கும் மறைப்பு) வரைந்து, இலை இடுக்கு, கிளை ஓரமெல்லாம் பொறுமையாகத் திருத்த வேண்டும்.
முழு வண்ணம்: பச்சையின் செறிவைக் கொஞ்சம் குறைத்தாலே போதும், சிவப்பு தானாக முன்னே வரும்.

செலவு
இரண்டுக்கும் கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருள் போதும்.

பிரிண்ட்
ஒற்றை நிறம்: ஓரத்தில் விட்டுப்போன பிசிறு ஃபோனில் தெரியாது, பெரிய பிரிண்டில் பளிச்சென்று தெரியும்.
முழு வண்ணம்: அந்தக் கவலை இல்லை.

இடம்
சாமரேல் ஏழு வண்ண மண்ணுக்கு ஒற்றை நிறம் வேண்டவே வேண்டாம். இரும்பு ஆக்சைடின் சிவப்பும் பழுப்பும், அலுமினியச் சேர்மங்களின் நீலமும் ஊதாவும் அடுத்தடுத்துக் கிடப்பதுதான் அங்கே அழகே. ஒன்றை மட்டும் வைத்தால் வெறும் மண்மேடுதான் மிஞ்சும். லெ மோர்ன் மலையடிக் கடலுக்கும் இதே பேச்சு.

மேகமூட்டத்தில், கரும்புத் தோட்ட நடுவே ஒரே ஒரு சிவந்த மரமா? சரி, அங்கே ஒற்றை நிறம் எடுபடும். வாழ்த்து அட்டை, காவடி அழைப்பிதழ் என்றாலும் அதையே எடுங்கள். வீட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு முழு வண்ணம்தான் என் தேர்வு.