ஜெர்மனியில் ஒரு வருடமா, கண்டியில் ஒரு வார்டா?

பேராதனையில் நான்கு வருடம் தாதியியல் படித்து முடித்தபோது, அரச நியமனம் எப்போது வரும் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. நோர்வூட் பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் "மிஸ் ஆகியாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கே தாதியை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். காத்திருக்கும் காலத்துக்கு இரண்டு வழி தெரிந்தது. ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு வருடத் தன்னார்வச் சேவை, இல்லாவிட்டால் கண்டியில் தனியார் வைத்தியசாலை வேலை. நான் கண்டிக்குப் போனவள். அதனால் இதை நடுநிலையான அலசல் என்று நம்பிவிடாதீர்கள்.

காசு விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். அங்கே தருவது சம்பளமல்ல, கைச்செலவுக்காசு. காப்புறுதியை நிறுவனம் கட்டும், பல இடங்களில் தங்குமிடமும் உண்டு. கண்டியில் சம்பளம் உண்டு, ஆனால் போர்டிங்கும் பஸ்ஸும் தின்றதுபோக வீட்டுக்கு அனுப்ப மிஞ்சுவது கொஞ்சம். குளிரைச் சொல்லிப் பயமுறுத்தினார்கள். நுவரெலியாவில் ஜனவரி மாதம் விடியற்காலை பஸ்ஸுக்கு நின்றவளுக்கு அது ஒரு காரணமாகத் தோன்றவில்லை.

என்னை நிறுத்தியது வேறொன்று. அந்த ஒரு வருடம் என்னவென்று எழுதப்படும்?

ஜெர்மனியில் இதற்குத் தன்னார்வ சமூக ஆண்டு என்று ஒரு திட்டம் இருக்கிறது. 27 வயதுக்குள் இருக்க வேண்டும். வழக்கமாக 12 மாதம், கூடினால் 18. அதில் போகிறவர் உதவியாளர்தான். முதியவர்களைக் குளிக்க வைக்கலாம், ஊட்டிவிடலாம், சக்கர நாற்காலியில் தோட்டத்துக்குக் கூட்டிப்போகலாம். இங்கே நான் தாதியியல் பட்டதாரியாக இருந்தாலும் அங்கே ஊசியைத் தொட முடியாது. தாதியாக வேலை செய்ய வேண்டுமானால் இங்கே படித்த படிப்பை அந்த நாட்டில் அங்கீகரிக்க வைக்க வேண்டும், பொதுவாக பி2 அளவு, அதாவது மொழித் தேர்வின் ஆறு படிகளில் நான்காவது படி வரை, ஜெர்மன் மொழியும் வேண்டும். ஆக, வருட முடிவில் கையில் இருப்பது நல்ல மனசுக்கான சான்றிதழ். தாதியாக வேலை செய்த அனுபவக் கடிதம் அல்ல.

இது சின்ன வித்தியாசம் போலத் தெரியும். ஆனால் பின்னால் எந்தக் கதவைத் தட்டினாலும் முதல் கேள்வி அதுதான். வளைகுடா வேலைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு வருட வார்ட் அனுபவம் கேட்கிறார்கள். தன்னார்வச் சேவைதான் ஆசை என்றாலும் அதே கதைதான். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு தாதியரை எடுக்கும்போது படிப்புக்குப் பிந்திய தொழில் அனுபவம் குறைந்தது இரண்டு வருடம் கேட்கும். ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் நிபுணர் பிரிவுக்கு மூன்று வருடம். சேவை செய்யவே அனுபவம் கேட்கிறார்கள் என்றால், அனுபவமில்லாமல் போய் என்ன செய்துவிடப் போகிறேன் என்று தோன்றியது.

கண்டியில் முதல் மாதம் கெனுலா, அதாவது மருந்தேற்ற நரம்பில் செருகும் சிறு குழாய், போடும்போது கை நடுங்கியது. மூன்றாம் மாதம் நடுங்கவில்லை. படித்தது அப்படித்தான் கையில் இறங்குகிறது, விட்டுவிட்டால் அதே வேகத்தில் இறங்கிப் போய்விடும் என்று சீனியர்கள் சொன்னார்கள். இன்னொரு லாபத்தை நான் எதிர்பார்க்கவேயில்லை. வார்டில் பெரும்பாலும் சிங்கள நோயாளர்கள். "கொஹெத ரிதென்னே?" என்று, எங்கே வலிக்கிறது என்பதைத் தயங்காமல் கேட்க நான் பழகியது பல்கலைக்கழகத்தில் அல்ல, இரவு டியூட்டியில். மலையகத்தில் எந்த அரச வைத்தியசாலைக்குப் போட்டாலும் இரண்டு மொழியும் வேண்டும். ஒரு பக்கம் கொழுந்து பறிக்கும் அம்மா, மறுபக்கம் சிங்களத்தில் பேசும் டொக்டர். நடுவில் நிற்பது நாங்கள்தான்.

இனி மறுபக்கம். நான் போகாதவள், அதனால் சித்தி மகள் சொன்னதை வைத்துத்தான் பேச முடியும். அவள் பள்ளிக்கூடத்தில் ஏ.எல். (உயர்தரம்) முடித்ததும் ஜெர்மனிக்குப் போனாள். இங்கே தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த ஒரு வருடத்தில் மொழி பிடிபட்டது, இந்தத் தொழில் தனக்கு ஒத்துவருமா என்றும் தெரிந்துவிட்டது. இப்போது அங்கேயே மூன்று வருடத் தாதியர் பயிற்சியில் இருக்கிறாள். பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் வருகிறது. அவளுக்கு அது வீணான வருடமே இல்லை. எனக்குத்தான் வீணாகியிருக்கும் என்கிறேன். கையில் பட்டம் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் கணக்கு வேறு. முதியவர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பற்றி அவள் சொல்லும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். முப்பது கட்டில் வார்டில் அதற்கு நேரமே கிடையாது.

ஒரு எச்சரிக்கை. எனக்கு ஜெர்மனி வழியைக் காட்டிய முகவர் "பதிவுக் கட்டணம்" என்று லட்சக்கணக்கில் கேட்டார். கைச்செலவுக்காசு தருகிற திட்டத்துக்கு நாம் ஏன் லட்சம் கட்ட வேண்டும் என்று கேட்டேன். அதோடு அவர் போன் எடுப்பதை விட்டுவிட்டார்.

நியமனம் பிறகு வந்தது. இப்போது அரச வைத்தியசாலையில் இருக்கிறேன். இரவு டியூட்டி இல்லாத வாரங்களில் ஜெர்மன் படிக்கிறேன். பி1 வரை வந்தாயிற்று. போனால் தாதியாகத்தான் போவேன்.