பழைய வின்செஸ்டர் வாங்குகிறவர்களுக்கு: வயோமிங் மியூசியம் தரும் ஃபேக்டரி லெட்டர்

அமெரிக்காவில் எந்த கன் ஷோவுக்குப் போனாலும், விசைக்குக் கீழுள்ள நெம்புகோலைத் தள்ளி இழுத்துத் தோட்டா ஏற்றும் பழைய லீவர் ஆக்‌ஷன் ரைபிள் வைத்திருக்கும் மேஜையில் கூடவே ஒரு கதையும் இருக்கும். இது ஒரு ஷெரீஃபுடையது, இது ரயில் கொள்ளைக்காரன் வைத்திருந்தது என்று. கதைக்கும் சேர்த்துத்தான் விலை சொல்வார்கள். தாராளமாகக் கேளுங்கள், ஆனால் காசை எடுக்காதீர்கள். சீரியல் நம்பரை மட்டும் குறித்துக்கொண்டு வந்து, வயோமிங் மாநிலத்தின் கோடி நகரில் இருக்கும் கோடி ஃபயர்ஆர்ம்ஸ் மியூசியத்தின் ஆவணப் பிரிவில் ஃபேக்டரி லெட்டர் கேளுங்கள்.

இந்த ரைபிள்களைச் செய்த வின்செஸ்டர் கம்பெனி தன் சொந்தத் துப்பாக்கித் தொகுப்பை 1970-களில் கனெக்டிகட்டின் நியூ ஹேவனிலிருந்து கோடிக்குக் கொண்டுபோனது. தொழிற்சாலையின் பழைய பேரேடுகளும் இப்போது அங்கேதான். நாம் நம்பர் கொடுத்தால் அந்த ஏட்டில் இருப்பதை லெட்டராகத் தருகிறார்கள்: என்ன மாடல், என்ன தோட்டா, பேரல் உருண்டையா எண்கோணமா, செட் டிரிகர் (லேசாகத் தொட்டாலே சுடும்படி அமைக்கக்கூடிய விசை) உண்டா, எந்தத் தேதியில் கிடங்கிலிருந்து வெளியே போனது, பழுது பார்க்கத் திரும்பி வந்ததா. மார்லின் ரைபிள்களின் ஏடுகளும் ஓரளவு அவர்களிடம் இருக்கின்றன.

இதற்கெல்லாம் ஏன் காசு செலவழிக்க வேண்டும் என்றால், இந்தத் துப்பாக்கிகளில் வயதுக்கு மட்டும் பெரிய மதிப்பு கிடையாது. 1873 மாடலில் மட்டும் ஏழு லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். விலையை ஏற்றுவது ஆர்டர் கொடுத்தவர் அன்று கூடுதலாகக் கேட்ட சமாச்சாரங்கள்: செட் டிரிகர், வழக்கத்தைவிட நீளமான பேரல், நல்ல ரேகையோடிய வால்நட் கட்டை. பேரலையும் கட்டையையும் பின்னால் யாரும் மாற்றலாம், ஏட்டை மாற்ற முடியாது. 1870-களில், நன்றாகக் குறி தவறாமல் சுட்ட பேரல்களைப் பொறுக்கியெடுத்து ‘ஒன் ஆஃப் ஒன் தவுசண்ட்’ என்று பொறித்து 100 டாலருக்கு விற்றார்கள். 1873 மாடலில் அப்படி வந்தவை நூற்று முப்பது சொச்சம்தான். நாலு வார்த்தை பொறிக்கத் தெரிந்த எவனும் போலி செய்யலாம் என்பதால், ஏட்டில் இல்லாத ‘ஒன் ஆஃப் ஒன் தவுசண்ட்’ எதையும் நான் நம்ப மாட்டேன்.

தேதிக்கும் தனி மதிப்பு உண்டு. அமெரிக்க மத்திய சட்டப்படி 1898-க்குள் செய்த துப்பாக்கி ‘ஆன்டிக்’. அதற்குப் பிந்தியது என்றால் சாதாரணத் துப்பாக்கிக்குரிய விதிகள் எல்லாம் வந்துவிடும். எல்லையை ஒட்டிய நம்பராக இருந்தால் புத்தகங்களில் வரும் வருடப் பட்டியலை வைத்து முடிவு செய்யாதீர்கள், அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை.

சரி, லெட்டர் சொல்லாதது என்ன? முக்கியமாக, யார் வாங்கினார்கள், எந்த ஊருக்குப் போனது என்பது வின்செஸ்டர் ஏடுகளில் பொதுவாக இருக்காது. 2014 நவம்பரில் நெவாடாவின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில் ஒரு ஜூனிபர் மரத்தில் சாய்த்து வைத்தபடி ஒரு 1873 கிடைத்ததே, கட்டை வெளுத்து, பேரல் துருப்பிடித்து. அதையும் கோடிக்குத்தான் கொண்டுவந்தார்கள். ஊர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தபோது பின்கட்டைக்குள் ஒரு தோட்டா இருப்பதுகூடத் தெரிந்தது. ஆனால் ஏடு சொன்னது 1882-இல் செய்து அனுப்பியது என்பதை மட்டும்தான். யார் வைத்துவிட்டுப் போனார்கள் என்பது இன்றுவரை தெரியாது. ஆகவே ஷெரீஃப் கதை சொல்பவரிடம் லெட்டர் இருந்தாலும் அது ஷெரீஃபுக்குச் சாட்சி இல்லை. ஆளின் பெயருக்கு விலை வேண்டுமென்றால் வேறு ஆதாரம் வேண்டும்: 1886 மாடலின் முதல் நம்பர் துப்பாக்கி 2016-இல் ஏலத்தில் 12 லட்சத்து 65 ஆயிரம் டாலருக்குப் போனது, அதில் அமெரிக்க ராணுவ அதிகாரி கேப்டன் லாட்டனுக்கு அவருடைய நண்பர் பரிசளித்த விவரம் இரும்பிலேயே பொறித்திருந்தது.

பூச்சு ஒரிஜினலா என்பதையும் லெட்டர் சொல்லாது, அதற்கு உங்கள் கண்தான். எண்கோண பேரலின் விளிம்புகள் மழுங்கியிருக்கிறதா, பேரலில் உள்ள எழுத்து தேய்ந்திருக்கிறதா, திருகாணி ஓட்டையைச் சுற்றிப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யாரோ பாலிஷ் போட்டு மறுபடி இரும்புக்கு நீலப் பூச்சு ஏற்றியிருக்கிறார்கள். மினுமினுவென்று இருப்பதைப் பார்த்து மயங்குகிறவர்கள்தான் அதிகம். மங்கிப்போன ஒரிஜினல்தான் விலை போகும்.

மியூசியமும் பார்க்க வேண்டியதுதான், 2019-இல் புதுப்பித்துத் திறந்தார்கள். பஃபலோ பில் சென்டரின் ஐந்து மியூசியங்களில் இது ஒன்று, எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகிற வழியிலேயே இருக்கிறது, துப்பாக்கியில் ஆர்வமில்லாத வீட்டாருக்கும் பொழுது போகும்.

தாத்தா காலத்து மான் வேட்டை 1894 வைத்திருப்பவர்கள் பணம் கட்டும் முன் யோசியுங்கள். அந்த மாடல் எழுபது லட்சத்துக்கு மேல் வந்தது, ஏடு இருப்பது 3,53,999 நம்பர் வரைக்கும்தான். விற்பவர் ஏற்கெனவே லெட்டர் காட்டினால், அதிலுள்ள நம்பரும் துப்பாக்கியில் அடித்திருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அப்புறம் லெட்டரில் எழுதியிருப்பதை ஒவ்வொன்றாகத் துப்பாக்கியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ‘உருண்டை பேரல்’ என்று லெட்டரில் இருந்து கையில் எண்கோணம் இருந்தால் மேற்கொண்டு பேரம் பேசத் தேவையில்லை.