ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வறிக்கை: மேடைப் பேச்சுக்கு எவ்வளவு உதவும்?

பொதுக்கூட்டங்களில் பேசுவோருக்குப் புள்ளிவிவரக் குறிப்பு எழுதித் தருவது பல ஆண்டுகளாக என் வேலையின் ஒரு பகுதி. அதற்காக நான் அதிகம் புரட்டிய ஆவணம், மும்பையில் உள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக நடத்திய ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின் அகில இந்திய அறிக்கை. 2022 மே மாதம் வெளியான இதனை இணையத்திலிருந்து பிடிஎஃப் கோப்பாக இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2019 முதல் 2021 வரை 6,36,699 குடும்பங்களுக்குச் சென்று, 7,24,115 பெண்களிடமும் 1,01,839 ஆண்களிடமும் கேட்டுத் திரட்டிய விவரங்கள் இதில் இருக்கின்றன. மதவாரியாகவும் சாதிப்பிரிவுவாரியாகவும் வேறுபடும் எண்களை ஒரு தலைவர் மேடையில் சொல்லலாமா என்ற கேள்வி வரும்போதெல்லாம் என் மேசைக்கு வருவது இதுதான். அந்த ஒரு பயனுக்கு இது எப்படி இருக்கிறது என்பதை மட்டுமே இங்கே பார்க்கிறேன்.

சொல்லலாம் என்பதே என் முடிவு. அரசு தன் செலவில் எடுத்து, அச்சிட்டு, எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் எண்ணைப் பேசக்கூடாது என்று ஒருவரைத் தடுத்தால், அதே எண் அடுத்த நாள் வாட்ஸ்அப்பில் இரண்டு மடங்காக ஊதிப் பெருத்து வரும். அதை மறுக்கத் தெரிந்தவர்கள்தான் அப்போது வாய்மூடி இருக்க வேண்டியிருக்கும். ஆனால் எந்த எண்ணை, எதனுடன் சேர்த்துச் சொல்வது என்பதில்தான் வம்பே இருக்கிறது. இந்த அறிக்கையின் உண்மையான சிறப்பும் அங்கேதான் தெரிகிறது.

கருவள விகிதம் பற்றிய அட்டவணையை எடுத்துக்கொள்வோம். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை குழந்தைகள் என்பதைக் காட்டும் அந்த எண் இந்துப் பெண்களுக்கு 1.94, முஸ்லிம் பெண்களுக்கு 2.36. மேடைக்குப் போவது பெரும்பாலும் இந்த இரண்டு எண்கள் மட்டும்தான். அதே பக்கத்தில் பள்ளிக்கே போகாத பெண்களுக்கு ஏறத்தாழ 2.8 என்றும், பன்னிரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ படித்தவர்களுக்கு 1.8 என்றும் இருக்கிறது. சொத்து அடிப்படையில் ஐந்தாகப் பிரித்ததில் மிக ஏழைப் பகுதிக்கு 2.6, மிக வசதியான பகுதிக்கு 1.6. மதத்தால் வரும் இடைவெளி அரைக்கும் குறைவு. படிப்பாலும் வசதியாலும் வரும் இடைவெளி தலா 1. அட்டவணையை வடிவமைத்தவர்கள் ஊரா நகரமா, படிப்பு, மதம், சாதிப்பிரிவு, சொத்து என்று எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவைத்திருக்கிறார்கள். மத வரிசையைத் தேடிப் போகிறவர் கண்ணில் படிப்பு வரிசை படாமல் இருக்கவே முடியாது.

படாமல் இருக்க வைக்கவும் வழி உண்டு என்று எனக்குக் கற்பித்தவர் ஒரு மூத்த பேச்சாளர். அந்தப் பக்கத்தை முழுதாக அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிவப்புப் பேனாவால் ஒரே ஒரு வரியை வட்டமிட்டு, தாளை அந்த இடத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “மத்ததெல்லாம் எதுக்குத் தம்பி, கூட்டத்துக்கு இந்த ஒரு வரி போதும்” என்றார். அன்று மாலை அவர் சொன்ன எண்ணில் பிழை இல்லை. பிழையெல்லாம் மடிப்புக்குள் இருந்தது.

காலப்போக்கில் ஏற்பட்ட மாற்றத்தைச் சொல்ல வேண்டுமானால் முந்தைய சுற்றுகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 1992–93இல் நடந்த முதல் ஆய்வில் முஸ்லிம் பெண்களின் விகிதம் 4.4 ஆகவும் இந்துப் பெண்களுடையது 3.3 ஆகவும் இருந்தன. இரண்டுமே இறங்கியிருக்கின்றன, இடைவெளி 1.1இலிருந்து 0.42 ஆகச் சுருங்கியிருக்கிறது. மாநில வரிசையைப் பார்த்தால் படம் இன்னும் தெளிவாகும்: பீகாரின் மொத்த விகிதம் 2.98, தமிழ்நாட்டினுடையது 1.8. அகில இந்திய முஸ்லிம் சராசரியைவிட, இந்துக்கள் பெரும்பான்மையாக வாழும் பீகாரின் சராசரி அதிகம். மக்கள்தொகையை வைத்துத் தொகுதிகளைப் பிரித்தால் தமிழ்நாட்டின் எம்.பி. இடங்கள் குறையுமோ என்ற மறுவரையறைச் சர்ச்சை எழுந்த பிறகு இந்த மாநில வேறுபாட்டை நம் தலைவர்கள் கூச்சமில்லாமல் பேசுகிறார்கள். 2025 மார்ச்சில் முதலமைச்சர் ஸ்டாலின் புதுமணத் தம்பதிகளிடம் சீக்கிரம் குழந்தை பெற்றுக்கொள்ளச் சொன்னது அந்தக் கவலையில்தான். மாநிலத்தைப் பேசும்போது வராத தயக்கம் மதத்தைப் பேசும்போது வருவது இயல்பு. மாநிலம் அடிவாங்காது, மனிதர்கள் வாங்குவார்கள்.

எண்ணைச் சொல்லும் முறையே ஏமாற்றக்கூடும் என்பதற்கு இந்த அறிக்கைக்கு வெளியே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2024 மே மாதம், தேர்தல் நடந்துகொண்டிருந்தபோது, பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு ஓர் ஆய்வுத்தாளை வெளியிட்டது. 1950க்கும் 2015க்கும் இடையே மக்கள்தொகையில் முஸ்லிம்களின் பங்கு 9.84 சதவீதத்திலிருந்து 14.09 ஆக உயர்ந்ததை 43.15 சதவீத உயர்வு என்றும், இந்துக்களின் பங்கு 84.68இலிருந்து 78.06 ஆனதை 7.82 சதவீதக் குறைவு என்றும் அது கணக்கிட்டது. கணக்கு சரிதான். ஆனால் அறுபத்தைந்து ஆண்டுகளில் நூற்றுக்கு நான்கேகால் பேர் கூடினார்கள் என்பதைக் கேட்பவருக்கும், 43 சதவீதம் என்பதைக் கேட்பவருக்கும் மனத்தில் எழும் படம் ஒன்றல்ல. குடும்ப நல ஆய்வு இப்படி விகிதத்தின் விகிதத்தைத் தலைப்பில் வைப்பதில்லை என்பதால் அதை நான் அதிகம் நம்புகிறேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. அட்டவணை மதத்தையும் படிப்பையும் தனித்தனியாகக் காட்டுகிறதே தவிர, ஒரே அளவு படித்த, ஒரே அளவு வசதியுள்ள இந்து, முஸ்லிம் பெண்களிடையே என்ன வேறுபாடு எஞ்சும் என்பதை அந்தப் பக்கத்திலிருந்து அறிய முடியாது. அதற்கு மூலத் தரவை எடுத்துக் கணக்குப் போடத் தெரிந்த ஒருவர் வேண்டும். மாவட்ட அளவிலான கட்சி அலுவலகத்தில் அப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. சாதிக்கு வந்தால் பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்பட்டோர், மற்றவர் என்ற பெரும்பிரிவுகள்தான். குறிப்பிட்ட ஒரு சாதியைப் பற்றி இதை மேற்கோள் காட்டி யாராவது பேசினால் அவர் இதைப் படிக்கவில்லை என்று தயங்காமல் முடிவு கட்டலாம். களப்பணியின் நடுவே ஊரடங்கு வந்ததையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடிக்குறிப்புகளை அச்செடுக்கும்போது வெட்டிவிடாதீர்கள். பெரும்பாலான அட்டவணைகளில் ஓர் எண் அடைப்புக்குறிக்குள் இருந்தால் அது 25 முதல் 49 பேரை மட்டுமே வைத்து எடுத்தது; நட்சத்திரக்குறி இருந்தால் 25க்கும் குறைவு என்பதால் எண்ணே தரப்படவில்லை. ஏழு லட்சம் பெண்களிடம் கேட்ட ஆய்வே சிறு பிரிவுகளைப் பற்றி வாய் திறக்க மறுக்கும் இடம் அது. மாவட்டவாரியான சுருக்கத் தாள்களில் மதம், சாதி வரிசைகளே கிடையாது; அவற்றைத் தேடி அங்கே போக வேண்டாம். அகில இந்திய அறிக்கையில் கருவளம் பற்றிய அத்தியாயத்தை எடுத்து, தாளை மடிக்காமல் கொடுங்கள்.